ஆங்கிலம் கற்பித்தலும் பண்பாட்டுப் பரிமாற்றமும்: ஜப்பானிய வரலாறு காட்டும் சில உண்மைகள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பிற நாடுகளுக்குச் சென்று அம்மொழியைக் கற்பித்தல் இக்காலத்தில் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலைக் குறிக்குமிடத்துப் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்னும் தொடரைச் சேர்த்து வழங்குவதும் பெருவழக்காகிவிட்டது. அரசுகளின் அறிக்கைகளிலும் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்களிலும் இத்தொடர் தடையின்றி ஆளப்படுகின்றது. ஆயின், கற்பித்தல் என்பது ஒருவர் கொடுக்க மற்றொருவர் கொள்ளும் செயல். பரிமாற்றம் என்பதோ இருவரும் கொடுத்து இருவரும் கொள்ளும் செயல். சங்கப் பாடல்களில் வரும் உமணப் பெண் தெருவிலே உப்பைக் கொடுத்து நெல்லைப் பெறுகின்றாள். உப்பு இறங்கியபின் நெல் ஏறவில்லையாயின் அதனை மாற்று என எவரும் கூறார். ஆங்கிலத்தைக் கொடுக்கச் சென்றவர் எதனைக் கொண்டு மீண்டார், கொண்டதற்கு அளவு யாது என்பனவே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் வினாக்கள்.

இவற்றிற்கு நம் நாட்டு வரலாற்றைக் கொண்டு விடை காண்டல் அரிது. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பை ஒட்டி ஆங்கிலக் கல்வி இங்கு ஆள்வோரின் கொள்கையாக வேரூன்றியது. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே நிகழ்ந்த கல்வியில் விருப்பம் யாது, கட்டாயம் யாது எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஜப்பானின் நிலை வேறு. மெய்ஜி காலத்தில் அங்குச் சென்ற ஆங்கில ஆசிரியர், ஜப்பானிய அரசு தன் தேவை கருதி ஒப்பந்தம் எழுதி ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொண்ட பணியாளர். தேவை தீர்ந்தபோது அவரை அனுப்பிவிடவும் அவ்வரசு அறிந்திருந்தது. கொள்வோர் தம் விருப்பத்தால் கொண்ட இடமாதலின், கொடுக்கல் வாங்கலின் இயல்பை அங்குத் தெளிவாகக் காணலாம்.

அந்நாட்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் ஆசிரியர் எனப்படுபவர் ஒரு சிறைக்கைதி. ரானால்டு மெக்டொனால்டு என்னும் அவ்விளைஞர் 1824இல் வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் சினூக் என்னும் தொல்குடித் தாய்க்கும் பிறந்தவர். அயலார் கால் வைத்தலே குற்றம் எனக் கருதப்பட்ட 1848ஆம் ஆண்டில், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து சிறு படகில் தனியே இறங்கி, கலம் உடைந்து கரையொதுங்கியவர் போல ஜப்பானின் வடபுலத் தீவு ஒன்றை அடைந்தார். அதிகாரிகள் அவரைப் பிடித்து நாகசாகிக்கு அனுப்பினர். அங்குக் காவலில் இருந்த மாதங்களில் டச்சு மொழிபெயர்ப்பாளர் பதினால்வர் அவரிடம் ஆங்கிலம் பயின்றனர். அவர்கள் உரக்கப் படிக்க இவர் ஒலிப்பைத் திருத்தினார். இவர் கேட்ட ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்தில் குறித்து ஒரு சொற்பட்டியலும் தொகுத்தார். அம்மாணாக்கருள் ஒருவரான மொரியாமா ஐனொசுகே என்பவரே 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரியுடன் நிகழ்ந்த உடன்படிக்கைப் பேச்சில் மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். அடைபட்டிருந்த ஆசிரியர் ஒருவரின் பாடம் ஐந்தாண்டுகளுக்குள் ஒரு நாட்டின் வாயில் திறக்கும் பேச்சிற்குப் பயன்பட்டமை குறிக்கத்தக்கது. கொடுத்த அளவுக்கு அவர் கொண்டார் எனச் சொல்லுதற்கு அச்சொற்பட்டியல் சான்று. அதனினும் மிகுதியாகக் கொள்ள அவர்க்கு வாய்ப்பிருக்கவில்லை. 1849இல் அமெரிக்கக் கப்பல் ஒன்று அவரை மீட்டுச் சென்றது.

வாயில் திறந்தபின் ஆங்கிலத்தின்மீது எழுந்த வேட்கைக்கு எல்லையில்லை. பின்னாளில் கல்வி அமைச்சரான மொரி அரினொரி, 1872இல் அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்குக் கடிதம் எழுதி, ஜப்பானியர் ஆங்கிலத்தையே தம் மொழியாகக் கொள்ளலாமா என வினவினார். விட்னி அதனை ஊக்கவில்லை. பாபா தட்சுயி என்னும் ஜப்பானிய இளைஞர் 1873இல் லண்டனில் ஜப்பானிய இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டு, அயன்மொழியை நாட்டு மொழியாக்கினால் அதனைக் கற்ற சிலர்க்கும் கல்லாத பலர்க்கும் இடையே கடக்கவொண்ணாப் பிளவு தோன்றும் என மறுத்தார். தாய்மொழி குறைபாடுடையது எனக் கூறிய நாட்டினர்க்கு அதன் இலக்கணத்தை ஆங்கிலத்திலே எழுதிக் காட்டவேண்டி நேர்ந்தமையை நம்மவர் நன்கு உணர்வர்.

இத்தகைய காலத்தில் அமர்த்தப்பட்ட அயல்நாட்டு ஆசிரியருள் எம் வினாவிற்கு நிறைந்த விடை தருபவர் லாப்காடியோ ஹெர்ன். அவர் 1850இல் கிரேக்கத் தீவாகிய லெப்காடாவில் கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அமெரிக்காவில் செய்தித்தாள் எழுத்தாளராக வாழ்ந்தவர். 1890 ஏப்பிரலில் இதழ் ஒன்றிற்குக் கட்டுரை எழுதவே ஜப்பான் சென்றார். அவ்வேற்பாடு முறிந்தபின், பேசில் ஹால் சேம்பர்லேன் முதலியோரின் உதவியால் ஷிமானே மாவட்டத்து மட்சுவே நகரில் ஆங்கில ஆசிரியரானார். மாத ஊதியம் நூறு யென். ஆசிரியப் பயிற்சி பெறாதவர். அந்நாட்டு மொழி அறியாதவர். இக்காலத்து அளவுகோல்களால் நோக்கின் தகுதியற்றவர் என்றே முடிவு கூறத்தோன்றும்.

மட்சுவேயில் நடுநிலைப்பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் அவர் நடத்திய வகுப்புகளைப் பற்றி 1894இல் வெளிவந்த தம் முதல் ஜப்பானிய நூலில் ஒரு தனிக் கட்டுரை வரைந்துள்ளார். ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு என்பது அதன் பெயர்ப் பொருள். மாணவர்க்கு அவர் கட்டுரைப் பயிற்சி கொடுக்கின்றார். பிழை திருத்துதலே ஆசிரியர் கடமை. அதனை அவர் செய்தார். ஆயின் திருத்திய தாள்களை மீண்டும் படித்து, வெவ்வேறு மாணவர் ஒரே உவமையையும் ஒரே உணர்வையும் எழுதியிருப்பதைக் காண்கின்றார். தனித்தன்மை இல்லை எனக் குறைகூறிப் போயிருக்கலாம். அவரோ, பலரும் ஒன்றுபோல் எழுதுதற்குக் காரணம் அவர்க்கு முன்னிருந்த பல தலைமுறையினர் சமைத்து வைத்த கற்பனை மரபு எனக் கண்டு, அம்மரபைத் தேடிப் புறப்படுகின்றார். முதற்பொருள், கருப்பொருள் என மரபு வகுத்த நெறியில் ஒரு பூவையும் ஒரு பொழுதையும் பாடிய புலவர்தம் வழியில் வந்த நமக்கு இதில் வியப்பில்லை. புதுமையையே புலமைக்கு அளவாகக் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலைநாட்டார் ஒருவர்க்கு இஃது எளிதில் தோன்றும் எண்ணம் அன்று. கட்டுரைத் தாளே அவர்க்குப் பாடநூலாயிற்று.

அந்நாட்குறிப்பில் ஒரு மாணவன் கேட்கும் ஐயம் பலராலும் அறியப்பட்டது. தந்தையும் மனைவியும் ஒருங்கே கடலில் வீழ்ந்தால் ஐரோப்பியன் மனைவியையே முதலில் காப்பான் எனக் கேள்விப்பட்டேன், அஃது உண்மையா என்கின்றான். உண்மையாகலாம் என்று ஆசிரியர் கூற, எங்கள் கருத்துப்படி அது பெரிதும் அறமற்ற செயல் என்று மாணவன் விடையிறுக்கின்றான். பின்னர்க் குமாமொட்டோ மேனிலைப் பள்ளியில் ஹெர்ன் பணியாற்றியபோது, ஆங்கிலப் புதினங்களில் காதலும் திருமணமும் ஏன் இத்துணை மிகுதியாக வருகின்றன, எங்களுக்கு அது விந்தையாக உள்ளதே என மாணவர் வினவினர். 1895இல் வெளியான நூலில் அவர் இவ்வினாவை முதலாகக் கொண்டே நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். 1896 முதல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய இலக்கிய விரிவுரைகளிலும் இவ்வினா தொடர்கின்றது. கடக்கவியலாத இடர்ப்பாடு என்னும் பொருள்படும் தலைப்பில் அமைந்த விரிவுரையில், மேலை நாட்டில் பெண்ணுக்கு உள்ள இடத்தை உணராதவரை ஆங்கிலப் பாடல்களை ஜப்பானிய மாணவர் உணர்தல் அரிது என விளக்குகின்றார்.

ஈண்டு எம் கருத்து ஒன்றைக் கூற விழைகின்றோம். அம்மாணவர்க்குக் காதற்பாடல் புதிது அன்று. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற மன்யோஷூ என்னும் அந்நாட்டுப் பழந்தொகையில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் உள; ஒருவர்க்கொருவர் கொண்ட அன்பைப் பாடும் பாடல்கள் அதில் ஒரு தனிப் பிரிவாகவே வகுக்கப்பட்டுள்ளன. நம் அகத்திணையை நினைவூட்டும் பகுப்பு அது. எனவே ஹெர்ன் கண்ட தடை ஜப்பானியப் பண்பாடு முழுவதற்கும் உரியதன்று. போர்வீரர் குடும்பங்களில் கன்பூசிய ஒழுக்க நூல்களைக் கற்று வளர்ந்த மெய்ஜி கால ஆண்மக்களின் தடை. ஒரு வகுப்பறையை ஒரு நாடாகக் காணுதல் அயலாசிரியர்க்கு எளிதில் நேரும் வழு. ஹெர்னும் அதற்கு விலக்கல்லர்.

எனினும் அவ்விரிவுரைகள் ஆங்கிலத் திறனாய்வு நூல்களுள் தனியிடம் பெறுகின்றன. கேட்பார் எழுதிக்கொள்ளும் வண்ணம் அவர் மெல்லப் பேசுவார். மாணவர் சொல்லுக்குச் சொல் எழுதினர். ஆசிரியர் கையெழுத்தில் நூல் இல்லை. அவர் மறைந்தபின் மாணவர் குறிப்பேடுகளைத் தொகுத்துக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின் 1915 முதலாக நூல்களாகப் பதிப்பித்தார். இறையனார் களவியல் உரை தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்து பின்னர் எழுதப்பட்டது என்னும் வரலாற்றை அறிந்த நமக்கு, கேட்டோர் ஏடே ஆசிரியர் நூலாகும் இம்முறை அயலானதன்று. கேட்பார்க்கு ஆங்கிலம் குறைவு. ஆகவே எளிய சொல்லே ஆளவேண்டும். ஆங்கில மாணவர்க்கு விளக்க வேண்டாதவற்றையெல்லாம் இவர்க்கு விளக்கவேண்டும். ஒரு பாடலில் பிறநாட்டார் நெஞ்சையும் தொடும் பகுதி எது எனத் தேர்ந்தே எடுக்கவேண்டும். இக்கட்டுப்பாடுகள் அவர்தம் திறனாய்வை வடித்தன. ஆங்கில இலக்கியம் அயலார் கண்ணில் எவ்வாறு தோன்றும் என்பதை ஆங்கிலம் படிப்போர்க்குக் காட்டிய அந்நூல்களில் மாணவர்க்கும் பங்குண்டு என்பதே எம் துணிபு.

அவர் கொண்டவை இவற்றோடு நில்லா. மட்சுவேயில் அவருடன் பணியாற்றிய நிஷிதா செந்தாரோ என்னும் ஆசிரியர் அவர்க்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் ஆனார். 1895ஆம் ஆண்டு நூலை ஹெர்ன் அவர்க்கே உரிமையாக்கினார். மட்சுவே மாணவர் ஓதானி மசநொபு டோக்கியோவில் உயர்கல்வி பயின்றபோது, பாடல்களையும் வழக்காறுகளையும் திரட்டித்தர, ஹெர்ன் அதற்கு ஈடாகப் பொருள் தந்து அவர் படிப்பிற்கு உதவினார். இதனினும் நேரிய பண்டமாற்று வேறில்லை. 1891இல் அவருடன் இல்வாழ்க்கை தொடங்கிய கொய்சுமி செட்சு பழங்கதைகளைச் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ‘குவைதான்’ என்னும் புகழ்பெற்ற பேய்க்கதைத் தொகுப்பு அவ்வாறு பிறந்து 1904இல் வெளிவந்தது. கணவர்க்கு ஜப்பானியம் முற்றும் வாராது. மனைவிக்கு ஆங்கிலம் வாராது. உருபுகளும் வினைத்திரிபுகளும் உதிர்ந்த ஒருவகைச் சிதைந்த ஜப்பானியத்தில் இருவரும் உரையாடினர். ‘ஹெர்ன் மொழி’ என்று வீட்டார் அதற்குப் பெயரிட்டனர். இலக்கணப் பிழையற்ற மொழியைக் கற்பித்து ஊதியம் பெற்றவர், பிழையே இலக்கணமான ஒரு மொழியிலிருந்து தம் சிறந்த நூலைப் பெற்றார்.

ஐரோப்பியர்க்குத் தமிழ் கற்பித்த புலவர்களை ஈண்டு நினைத்தல் பொருந்தும். துரூ பாதிரியாரின் திருக்குறட் பதிப்பிற்குத் துணைநின்ற இராமாநுச கவிராயரைப் போன்றோர் இலராயின், அயலார் தமிழ்ப்பணி என நாம் இன்று போற்றுவதில் பெரும்பகுதி இராது. நிஷிதாவையும் செட்சுவையும் அவ்வரிசையில் வைத்தே எண்ணுதல் வேண்டும்.

கொண்டது மீண்டும் கொடுத்தோரிடமே சென்றதற்கும் ஒரு சான்று உளது. 1896 ஜூன் 15ஆம் நாள் ஜப்பானின் வடகீழ்க் கரையை ஆழிப்பேரலை தாக்கி ஏறத்தாழ இருபத்திரண்டாயிரம் பேர் மாண்டனர். அதனை ஒட்டி ஹெர்ன், 1854இல் கீயித் தீபகற்பத்தில் நிகழ்ந்த பழைய பேரலையைப் பற்றிய செய்தியைக் கதையாக்கினார். மலைமேல் வாழும் முதியவர் ஒருவர், கடல் பின்வாங்குதலைக் கண்டு, தம் நெற்போர்களுக்குத் தீயிட, தீயை அணைக்க ஓடிவந்த ஊரார் அனைவரும் உயிர் பிழைக்கின்றனர். உண்மையில் அச்செயலைச் செய்த ஹமகுச்சி கொரியோ முப்பத்தைந்து வயதளவினர். அவர் எரித்தவை நெல் நீங்கிய வைக்கோற்போர்கள். இருளில் வழி தெரிதற்பொருட்டே எரித்தார். அலை ஓய்ந்தபின் தம் பொருளைச் செலவிட்டு நான்காண்டுகள் கடலரண் ஒன்றை எழுப்பினார். கதையில் அவ்வரண் இல்லை. ஹெர்னின் ஆங்கிலக் கதையைத் தம் பயிற்சிப் பள்ளியில் பாடமாகக் கற்ற நாகாயி சுனேசோ என்னும் ஆசிரியர், அதனைச் சிறுவர்க்கு ஏற்ற ஜப்பானியத்தில் வடித்தார். 1937 முதல் 1947 வரை அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடநூலில் அஃது இடம்பெற்றது. ஊர்ச்செய்தி ஆங்கிலமாகி, ஆங்கிலம் பாடமாகி, பாடம் மீண்டும் ஊர்மொழியில் சிறுவர் நெஞ்சிற் புகுந்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை நவம்பர் 5ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தமைக்கும் இந்நிகழ்ச்சியே அடிப்படை. 2004 டிசம்பரில் நாகைக் கடற்கரையில் கடல் உள்வாங்கியபோது அதன் பொருளை அறியாது நின்ற நம் மக்களை எண்ணுங்கால், ஒரு பாடநூற்கதையின் மதிப்பு விளங்கும். கதை வரலாற்றினின்று வழுவியமையைச் சுட்டுதல் ஆய்வாளர் கடமை. வழுவிய கதையே நினைவில் நின்றது என்பதையும் உடன் சுட்டவேண்டும்.

கொள்வோர் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொரு முகம் தோன்றுகின்றது. 1903இல் பல்கலைக்கழகம் ஹெர்னைப் பணியினின்று நீக்கியது. மாணவர் எதிர்ப்புக் காட்டினர். அவர் இடத்தில் அமர்ந்தோருள் ஒருவர் நட்சுமே சொசெகி. ஜப்பானிய இக்கால இலக்கியத்தின் தலையாய புதின ஆசிரியர் எனப் பின்னர்ப் புகழ்பெற்றவர். அயலார்க்குரிய இடங்கள் உள்நாட்டார் கைக்கு மாறிய காலம் அது. முன்னரே 1895இல் மட்சுயாமா நடுநிலைப்பள்ளியில் அயலாசிரியர் ஒருவரின் இடத்தில் எண்பது யென் ஊதியத்தில் அமர்ந்தவர் சொசெகி. அப்பள்ளித் தலைமையாசிரியர்க்கோ அறுபது யென்னே. ஆங்கிலத்திற்கு இருந்த விலையை இது காட்டும்.

சொசெகியை அரசு 1900இல் லண்டனுக்கு அனுப்பியது. அங்குக் கழித்த ஈராண்டுகளும் தம் வாழ்வில் மிகத் துன்பமானவை என்று அவரே எழுதியுள்ளார். சீனச் செவ்வியல் நூல்களில் இலக்கியம் எனத் தாம் இளமையில் உணர்ந்தது வேறு, ஆங்கிலத்தில் இலக்கியம் எனப்படுவது வேறு எனக் கண்டு, ஆங்கில இலக்கியத்தால் தாம் ஏமாற்றப்பட்டதாக ஓர் உணர்வு அவரை வாட்டியது. அயலார் சொன்ன தீர்ப்பை ஏற்றுத் திருப்பிச் சொல்லுதல் அவர்க்கு ஒவ்வவில்லை. எனவே இலக்கியம் என்றால் யாது என்பதை அடிப்படையிலிருந்து தாமே ஆராயத் துணிந்தார். அவ்வாராய்ச்சியே டோக்கியோவில் அவர் ஆற்றிய விரிவுரைகளாகி, 1907இல் இலக்கியக் கொள்கை நூலாக வெளிவந்தது. இலக்கியப் பொருள் எதுவாயினும் அதில் அறிவிற்படும் கூறும் அதனோடு இயைந்த உணர்ச்சிக் கூறும் உள்ளன என இரண்டு எழுத்துகளால் ஒரு வாய்பாடு அமைத்து அவர் தொடங்குகின்றார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு இதனை ஒப்பிட்டு ஆராய முதுகலை மாணவர் எவரேனும் முன்வரின் நற்பயன் விளையும். அவ்வாண்டிலேயே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு அசாஹி செய்தித்தாளில் எழுத்தாளராகச் சேர்ந்தார்.

ஹெர்னின் வகுப்பில் மாணவர் மகிழ்ந்தனர். சொசெகியின் வகுப்பில் வருந்தினர். ஆயினும் பரிமாற்றத்தின் முதிர்ந்த நிலை சொசெகியிடமே உள்ளது என்று கருதுகின்றோம். ஹெர்ன் பழைய ஜப்பானைக் காதலித்தார். மாணவரும் அப்பழமையிலேயே நிற்றல் வேண்டும் என விரும்பினார். அவர் கொண்ட பொருள் அவர் கொள்ள விரும்பிய பொருள். சொசெகியோ தமக்குக் கொடுக்கப்பட்டதை எடை போட்டார். கொடுப்போர் கூறும் விலையை ஏற்காமல் தம் கையால் எடைபோடத் தொடங்குவதே கற்றோர் செய்யும் கைம்மாறு. 1914இல் கக்குஷூயின் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவில், தம்மையே நடுவாக வைத்து எண்ணும் துணிவு தமக்கு எவ்வாறு வந்தது என அவர் விளக்கியுள்ளார். அத்துணிவை எந்த ஆங்கில ஆசிரியரும் கற்பிக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் கற்றிராவிடின் அது தோன்றியிராது.

இலக்கியத்தை விடுத்து மொழிப்பயிற்சிக்கு வந்தால், நம் மாணவர் மேசைமீதே ஒரு சான்று கிடக்கின்றது. 1922இல் ஹரால்டு பாமர் என்னும் ஆங்கில மொழியறிஞர் ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழி அறிவுரையாளராகச் சென்றார்; மறு ஆண்டு ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்து 1936 வரை நடத்தினார். ஹார்ன்பி என்பவர் 1924இல் ஓயித்தா நகரில் வணிகக் கல்லூரி ஒன்றில் கற்பிக்கச் சென்று பின்னர்ப் பாமரோடு இணைந்தார். ஆங்கிலேயர்க்கென இயற்றப்பட்ட அகராதிகள் சொற்பொருள் கூறினவேயன்றி, அச்சொல்லைத் தொடரில் ஆளும் முறையைக் கூறவில்லை. ஜப்பானிய மாணவர் இடறிய இடங்கள் எவை எனக் கண்டு, வினைச்சொற்கள் தொடரில் அமையும் முறைகளை இருபத்தைந்தாக வகுத்தும், எண்ணத்தகும் பெயர், எண்ணத்தகாப் பெயர் எனப் பெயர்ச்சொற்களுக்குக் குறியிட்டும் கேட்டன்பி, வேக்பீல்டு ஆகியோருடன் அவர் ஓர் அகராதி தொகுத்தார். ‘பர்னிச்சர்’, ‘அட்வைஸ்’ என்னும் சொற்களுக்குப் பன்மை விகுதி சேர்த்து எழுதித் திருத்தப்பெற்ற நம் மாணவர் எத்துணையர்! ஜப்பானியத்தில் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை பன்மை வேறுபாடு இன்றியமையாதது அன்று. அம்மொழியினர் பட்ட இடர்ப்பாடு ஆங்கில மொழியின் ஓர் இயல்பை ஆங்கிலேயர்க்கே புலப்படுத்தியது.

அவ்வகராதி டோக்கியோவில் கைதாகுஷா பதிப்பகத்தால் 1942இல் வெளியிடப்பட்டது. அப்போது இரு நாடுகளும் போரில் இருந்தன. ஆங்கிலம் பகைவர் மொழி என அந்நாட்டிற் பழிக்கப்பட்டது. ஹார்ன்பியும் காவலில் வைக்கப்பட்டுப் பின் நாடு திரும்பினார். 1948இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதே நூலை வெளியிட, உலகெங்கும் ஆங்கிலம் பயில்வோர்க்கு அது துணையாயிற்று. இன்று பல பதிப்புகள் கண்டு நம் கல்லூரிகளிலும் புழங்கும் அவ்வகராதியின் வேர் ஜப்பானிய வகுப்பறைகளில் உள்ளது என்பதை அறிந்தோர் சிலரே. பண்பாட்டுப் பரிமாற்றம் என எவரும் பெயரிடாத இடத்தில் நிகழ்ந்த பெரும் பரிமாற்றம் இது.

அப்பெயரைத் தாங்கியே தோன்றிய திட்டம் 1987இல் தொடங்கியது. ஜப்பானிய அரசின் பரிமாற்ற, கற்பித்தல் திட்டம் என்பது அதன் பெயர். ஜெட் எனச் சுருக்கி வழங்குவர். முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் சென்றனர். இதுகாறும் சென்றோர் எழுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர். அந்நாட்டு வணிக மிகுதியால் அமெரிக்காவுடன் உரசல் முற்றியிருந்த காலத்தில் திட்டம் பிறந்தமையின், அதில் அரசியலும் உண்டு. மொழித்துணையாசிரியராகச் செல்வோர் பட்டம் பெற்றிருந்தாற் போதும். ஆசிரியப் பயிற்சியோ ஜப்பானிய மொழியறிவோ கட்டாயமன்று. ஓராண்டு ஒப்பந்தம், ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். இவ்விதிகளை அறிந்து இத்திட்டத்தை இகழ்வோர் பலர். ஹெர்னுக்கும் இத்தகுதிகள் இல்லை என்பதையும் மட்சுவேயில் அவர் இருந்தது ஓராண்டிற்குச் சற்று மிகுதியே என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். குறை காண வேண்டின் வேறிடத்தில் காணலாம். வகுப்பில் ஜப்பானிய ஆசிரியரும் துணையாசிரியரும் சேர்ந்து கற்பிக்கவேண்டும் என்பது விதி. நடைமுறையில், நுழைவுத் தேர்வே பாடத்தை ஆளும் பள்ளிகளில், அயலார் பாடத்தை உரக்கப் படித்துக்காட்டும் ஒலிப்பதிவுக் கருவியாகவே நிற்கின்றார் என்பது அவர்களிடையே வழங்கும் முறையீடு. கேட்போர் அவரை வினவுவதில்லை. தந்தையும் மனைவியும் கடலில் வீழ்ந்தால் என்செய்வாய் என்று எவரும் கேட்பதில்லை. வினா எழாத வகுப்பில் உப்பு இறங்கலாம், நெல் ஏறாது.

வகுப்பிற்கு வெளியே நிலைமை வேறு. 2011 மார்ச் 11ஆம் நாள் ஆழிப்பேரலையில் இத்திட்டத்தைச் சார்ந்த அமெரிக்கர் இருவர் இஷினொமாகியிலும் ரிக்குசென்தகதாவிலும் உயிர் நீத்தனர். இஷினொமாகியில் மறைந்தவர் கற்பித்த பள்ளிகளுக்கு அவர்தம் பெற்றோர் ஆங்கில நூல்களை வழங்க, அவற்றிற்கான அலமாரிகளை அதே அலையில் தம் மூன்று மக்களையும் இழந்த தச்சர் ஒருவர் செய்தளித்தார். திட்டத்தின் அறிக்கையில் எண்ணாகக் குறிக்கவியலாத செய்தி இது.

இத்துறையில் இதுகாறும் எழுந்த நூல்களுட் பல சென்றவர் எழுதியவை. இருந்தவர் எழுதியவை சிலவே. நிஷிதா செந்தாரோவின் நாட்குறிப்பு 1976இல் அச்சேறியுள்ளது. செட்சு தம் கணவரைப் பற்றிச் சொன்ன நினைவுரை அவர் மறைந்து பத்தாண்டுகளில் வெளிவந்தது. மட்சுவேயிலுள்ள நினைவுக் காட்சியகத்தில் செட்சுவின் கையேடு ஒன்றும் காக்கப்பட்டுள்ளது. கணவர் வாயிற் கேட்ட ஆங்கிலச் சொற்களைத் தம் செவிக்குப் பட்டவாறே ஜப்பானிய எழுத்தில் குறித்து, அருகே பொருளும் எழுதிவைத்த ஏடு அது. இசுமோ நாட்டுப் பேச்சொலி அவ்வாங்கிலத்தில் ஏறியுள்ளது.